எல்லாம் திறந்தாச்சு, அந்த முடுக்கைத் தவிர

2021 ஜூலை 5 முதல் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே மாதிரியான தளர்வுகள் வந்தன. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவைப்படவில்லை, இ-பதிவும் தேவைப்படவில்லை. பாதி இருக்கைகளோடு பேருந்துகள் ஓடின. கோயில்களில் நடை திறந்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்து குடிக்க முடிந்தது. நம் மாவட்டத்தில் ஜூன் 14 முதலே பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் நடைப்பயிற்சிக்காகக் காலை 6 மணி முதல் 9 மணி வரை திறந்துவிட்டார்கள். அப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகர்கோயில் சாலையிலும் நாகமலை அடிவாரத்திலும் குடும்பம் குடும்பமாக ஆட்களைப் பார்க்க முடிந்தது. விட்டு விட்டுப் பதினைந்து மாதங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் கொஞ்சம் காற்று வாங்கட்டும். அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த 6 முதல் 9 மணி வரையிலான நேரத்தில்தான் நம் தெருப் பெண்கள் தூக்குவாளியோடு நூறு நாள் வேலைக்கும் கரும்புக் காட்டுக்கும் நடந்து போகிறார்கள். ஊரடங்கிலும் நடந்தார்கள், ஊரடங்கு இல்லாதபோதும் நடந்தார்கள். அதை நடைப்பயிற்சி என்று யாரும் சொல்வதில்லை. தூய்மைப் பணியாளர்கள் இரண்டு அலைகளிலும் ஒருநாள் விடாமல் எல்லாத் தெருக்களிலும் நடந்தார்கள். துடைப்பத்தோடு நடக்க எந்தத் தெருவிலும் தடை இருந்ததில்லை. வேலைக்காக நடப்பதில் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது. சும்மா நடந்தால், செருப்புப் போட்டு, நல்ல சட்டை போட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க நடந்தால்தான் கேள்வி வருகிறது.

இந்த வாரம் அப்படி ஒரு சின்ன நடையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

மேலூர் வட்டத்தில் ஒரு கிராமம். மனு ஒன்று நிலுவையில் இருப்பதால் பெயர் வேண்டாம். அங்கே காலனியில் நம் தோழர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். 2021 ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்திருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடும் நேரத்தில் சில வீடுகளில் கரண்ட் இருக்காது, சில வீடுகளில் டிவியே இருக்காது. ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் தேடிப் பிள்ளைகள் கண்மாய்க் கரை மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். 2021 ஜூன் கடைசியில் அவர்களே கேட்டார்கள்: "அதான் எல்லாம் விட்டுட்டாங்கள்ல, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கண்ணே." ஊட்டி, கொடைக்கானல் என்று ஆசைப்படவில்லை. பக்கத்தில் இருக்கிற கீழவளவு மலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து மேலவளவு போய்வரலாம் என்று நாங்கள் சேர்த்துக்கொண்டோம். காலையில் கிளம்பினால் மாலை வீடு வந்து சேரலாம். முகக்கவசம், ஒரு சோப்பு, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், புளிச்சோறு. ஏற்பாடு முடிந்தது.

முடியாமல் நின்றது ஒரே ஒரு கேள்விதான். எந்த வழியாகப் போவது?

அந்தக் காலனியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊரை ஒட்டிய முடுக்கு வழியாக மந்தைக்கு வந்து சாலையைப் பிடிப்பது. பத்து நிமிடம் ஆகும். இன்னொன்று, கண்மாய்க் கரையைச் சுற்றி வருவது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழைக்காலம் என்றால் அதுவும் இல்லை.

2020 மார்ச் கடைசியில் முதல் ஊரடங்கு அறிவித்தபோது கிராமங்களில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். வெளியாட்கள் வரக்கூடாது என்று ஊர் எல்லைகளில் முள்ளை வெட்டிப் போட்டார்கள், மரக்கட்டையைக் குறுக்கே கிடத்தினார்கள். நோய்ப் பயத்தில் எல்லோரும் செய்ததுதான். நம் ஆட்களும் சில இடங்களில் செய்தார்கள். ஆனால் இந்தக் கிராமத்தில் முள் விழுந்தது ஊர் எல்லையில் மட்டுமல்ல, ஊருக்கும் காலனிக்கும் நடுவிலுள்ள அந்த முடுக்கிலும் விழுந்தது. அப்போது கேட்டதற்கு, "கொரோனா முடியட்டும்ப்பா, நாங்களே எடுத்துப் போடுறோம்" என்றார்கள். ஜூனில் பேருந்து விட்டார்கள், செப்டம்பரில் இ-பாஸை எடுத்தார்கள். ஊர் எல்லையில் கிடந்த முள் அடுப்புக்குப் போய்விட்டது. முடுக்கிலிருந்த முள்ளும் போய்விட்டது, ஆனால் அது இருந்த இடத்தில் இரண்டு கல்தூண்களை நட்டுவிட்டார்கள். ஓர் ஆள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால் போகலாம். சைக்கிள் போகாது, பைக் போகாது, ஆட்டோ போகாது.

அதிகாரிகளிடம் சொன்னால் வரும் பதில் சுவாரசியமானது. "ஆள் போகத்தான் செய்யுதே, அப்புறம் எப்படி அடைச்சிருக்குன்னு சொல்றீங்க?" 2021 மே மாதத்தில், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, மூச்சுத்திணறல் வந்த ஓர் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கண்மாய்க் கரையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி, சாலையில் நின்ற 108 வண்டியில் ஏற்றினார்கள். நாற்காலி அந்தக் கற்களுக்கு நடுவே நுழையாது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அதனால் அது செய்தியாகவில்லை.

முதல் தளர்வு 1924இல் வந்தது

அந்த ஒன்றரை ஆண்டுகளில் அரசாணை, வழிகாட்டு நெறிமுறை, தளர்வு என்ற சொற்களெல்லாம் சிறுபிள்ளைகளுக்கும் பழகிவிட்டன. தெருவில் நடப்பதற்கு அரசு ஆணை போட்டு அனுமதி தருவது புதிய அனுபவம் என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு அது பழையது. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருக்களிலும் சாலைகளிலும் பாதைகளிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடையில்லை, பொதுக் கிணறுகளையும் பொது இடங்களையும் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையும் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 30இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் தொடங்கியிருந்தது. பெரியார் அதில் இரண்டு முறை சிறைக்குப் போனார். அதற்கும் முன்பு, 1893இல், திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டிப்போனார். இன்றைக்குப் பிள்ளைகள் பைக் வாங்கி ஊர்த்தெருவில் ஓட்ட ஆசைப்படுவதை விடலைத்தனம் என்று திட்டுகிற பெரியவர்கள் அய்யங்காளியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, நமக்கான முதல் தளர்வு வந்து 2021இல் 97 ஆண்டுகள் ஆயின. 1924க்குப் பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. அதில் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும், இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையைத் தரும் 19ஆம் பிரிவும் உண்டு. 1955இல் தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டமும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. இத்தனைக்கும் பிறகு நம் மதுரை மாவட்டத்திலேயே உத்தப்புரத்தில் ஒரு சுவர் நின்றது. 2008 மே 6ஆம் தேதி அதன் ஒரு பகுதியை அரசே இடிக்க வேண்டியிருந்தது.

இ-பாஸ் கதையும் அப்படித்தான். தென்மாவட்டத்து ஆட்களுக்கு ஒவ்வொரு செப்டம்பரும் தெரியும். 11ஆம் தேதி தியாகி இமானுவேல் சேகரன் நினைவிடத்துக்குப் பரமக்குடி போக வேண்டுமானால் 144 தடை உத்தரவு இருக்கும், வாடகை வாகனம் கூடாது, சொந்த வாகனத்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், குறித்த பாதையில்தான் போக வேண்டும். கொரோனாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஏற்பாடு உண்டு. 2020இல் இ-பாஸுக்கு விண்ணப்பித்து இரண்டு நாள் காத்திருந்தவர்கள் பட்ட எரிச்சலைப் பார்த்தபோது நமக்கு இரக்கம் வந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

'சமூக இடைவெளி' என்ற சொல்லையும் இந்த இடத்தில் சொல்லிவிடுவோம். நோய்க்குத் தேவை உடலுக்கும் உடலுக்கும் இடையிலான தூரம்தான். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அப்படித்தான் சொல்லத் தொடங்கியது. நம் ஊர் சுவரொட்டிகளில் 2021இலும் சமூக இடைவெளியைக் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். அதைத்தான் பல நூற்றாண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறோமே!

தாத்தா என்று கூப்பிட்ட பிள்ளை

பதினான்கு பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆறு பேர் பெண் பிள்ளைகள். முதல் தடை ஊரிலிருந்து வரவில்லை, நம் வீடுகளிலிருந்துதான் வந்தது. "பொம்பளப் புள்ளைகள அனுப்ப மாட்டோம்" என்று மூன்று வீடுகளில் சொன்னார்கள். பதினைந்து மாதமாகப் பெரும்பாலும் பள்ளிக்கூடம் இல்லை. சமையலும் ஆடு மேய்ப்பும்தான். அதில் ஒரு பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வேறு நடக்கிறது, பத்தாம் வகுப்பு இப்போதுதான் முடித்திருக்கிறாள். ஊர்க்காரன் நம்மைத் தெருவில் விடமாட்டேன் என்பதற்கும், நாம் நம் பிள்ளையை வாசலுக்கு வெளியே விடமாட்டோம் என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட விதம் கொஞ்சம் கடுமைதான், சண்டையே வந்திருக்கும். கடைசியில் இரண்டு தாய்மார்கள், "நாங்களும் வாறோம், அப்பத்தான் விடுவோம்" என்று கிளம்பி வந்தார்கள். ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். அந்த இரண்டு தாய்மார்களும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அல்லாமல் வெளியே கிளம்பியது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவையாம்.

முடுக்கு வழியாகவே போவது என்று முடிவானது. கோஷம் இல்லை, கொடி இல்லை. போராட்டமாக அறிவித்திருந்தால் போலீஸ் வந்திருக்கும், பேச்சுவார்த்தை வந்திருக்கும், மலை பார்ப்பது நின்றுபோயிருக்கும். பிள்ளைகள் மலை பார்க்கப் போகிறார்கள், அதற்கு இதுதான் பாதை. கற்களுக்கு நடுவே ஒவ்வொருவராகத் திரும்பி நுழைந்தோம். சோற்றுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றினோம்.

மந்தையில் ஒரு திண்ணையில் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "எங்கடா கூட்டமா?" என்றார். முன்னால் போன எட்டாம் வகுப்புப் பையன் நடையை நிறுத்தாமல், "வாக்கிங் போறோம் தாத்தா" என்றான்.

எங்களுக்குத்தான் திக்கென்றது. அவன் அப்பா அந்த இடத்தில் 'ஐயா' என்றிருப்பார், துண்டு தோளிலிருந்து இறங்கியிருக்கும். அவன் தாத்தா 'சாமி' என்றிருப்பார். இந்தப் பையன் தன் தெருக் கிழவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுவிட்டான். முதியவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "சரி, பார்த்துப் போங்க" என்றார். 'போங்க' என்றது மரியாதையா என்று பிறகு பேருந்தில் ஒரு விவாதம் நடந்தது. கூட்டமாகப் போனால் பன்மைதான் வரும், அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம் என்பது நம் கருத்து. ஆனால் திண்ணையின் உள்பக்கமிருந்து ஒரு நடுவயதுக்காரர் கைப்பேசியில் எங்களைப் படம் எடுத்ததையும் பார்த்தோம். அந்தப் படம் எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது என்று தெரியாது.

பேருந்து நிற்கும், நின்றால்

2021 மே 7ஆம் தேதி புதிய அரசு பொறுப்பேற்ற அன்றே சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று ஆணை வந்தது. மறுநாள் நடைமுறைக்கு வந்தது, 10ஆம் தேதி முழு ஊரடங்கில் பேருந்தே நின்றுவிட்டது. நம் மாவட்டத்தில் ஜூன் 28இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. இந்தத் திட்டம் நம் பெண்களுக்குச் செய்யப்போகும் நன்மை பெரிது. நாள் கூலியில் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போனது போக மிச்சம் எண்ணியவர்களுக்குத்தான் அது தெரியும். எங்களுடன் வந்த தாய்மார்கள் இருவரும் வெள்ளைப் போர்டு வண்டியில் காசு கொடுக்காமல் ஏறி உட்கார்ந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் வண்டி நின்றால்தானே ஏறலாம். பாதி இருக்கைகள் மட்டும் என்ற விதி நல்ல நோக்கத்தில் போட்டதுதான். கிராமத்து நடைமுறையில் என்ன ஆனது என்றால், புறப்படும் இடத்திலும் பெரிய ஊர் நிறுத்தத்திலும் இருக்கைகள் நிரம்பிவிட்டன. ஊர் தாண்டிக் கடைசியில் இருக்கிற காலனி நிறுத்தத்துக்கு வரும்போது ஓட்டுநர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்களும் ஒரு வண்டியை அப்படி விட்டுவிட்டு, அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் நின்றோம். முன்பு நான்கு நடை வந்த வண்டி இப்போது இரண்டு நடைதான் வருகிறது என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். இரவு தங்கிக் காலையில் முதல் நடை எடுக்கும் நைட் ஹால்ட் வண்டி அப்போது வந்திருக்கவில்லை. பூக்கட்டவும் சித்தாள் வேலைக்கும் விடியற்காலையில் மதுரை போகும் பெண்களுக்கு அந்த வண்டிதான் உயிர். அது வராததால் குட்டியானையில் நெருக்கியடித்து நின்று போனார்கள். அதில் எந்த இடைவெளியும் கிடையாது. மினி பேருந்து மட்டுமே வரும் உள்ளூர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை, அவை தனியார் வண்டிகள். தளர்வின் அடுத்த கட்டத்தில் அரசு பார்க்க வேண்டியிருந்தது இவற்றைத்தான். காலனி நிறுத்தத்தில் வண்டி நிற்காவிட்டால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது, இருபது கடிதம் போனால் வண்டி நிற்கும். நாம் பார்த்திருக்கிறோம்.

தென்மாவட்டங்களில் பேருந்து என்பது வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் நடந்தது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. இன்று பிள்ளைகளுக்கு இது தெரியாது. பேருந்தில் போகும்போது சொன்னோம். "பேர் பிடிக்கலைன்னா நடந்து போக வேண்டியதுதானே" என்றாள் ஒரு பெண்.

கீழவளவில் இறங்கி டீ குடித்தோம். எல்லோருக்கும் பேப்பர் கப். கொரோனா காரணமாக அப்போது கடைகளில் எல்லோருக்கும் பேப்பர் கப்தான். நமக்கு மட்டும் தனிக் குவளை என்பதை மறைக்கப் பல ஊர்களில் முன்பே பேப்பர் கப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குத் தூக்கி எறியும் கப், கேட்டால் சுத்தத்துக்காக என்பார்கள். ஒரு வருடமாக அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. இனி டம்ளர்கள் திரும்பி வரும். அப்போது யார் கைக்கு டம்ளர் போகிறது, யார் கைக்குக் கப் போகிறது என்று கவனித்து வையுங்கள்.

மலையும் குளமும்

கீழவளவு மலையைப் பஞ்சபாண்டவர் மலை என்று ஊரில் சொல்கிறார்கள். பாண்டவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைகளும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், பிற்காலத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. சுற்றிலும் கிரானைட் குவாரிகள் மலைகளை அறுத்துத் தின்றதுபோக மிஞ்சி நிற்கிறது. மதுரையைச் சுற்றிய இந்த மலைகளுக்குப் பசுமை நடை போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக மக்களை அழைத்துப் போகின்றன. ஆனால் மலையடிவாரத்திலேயே பிறந்த நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கல்வெட்டைப் பார்த்ததில்லை. ஆடு மேய்க்கப் போனவர்களுக்கு மலை தெரியும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ் எழுத்து அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 'அ' எழுத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்து வலிக்கிறது என்று கீழே உட்கார்ந்தபோதும் கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பாறை நிழலில் சோறு சாப்பிட்டுக்கொண்டே அண்ணல் அம்பேத்கர் போன இரண்டு பயணங்களைச் சொன்னோம். இரண்டையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒன்று 1901இல், அவருக்கு ஒன்பது வயது. கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் புதுச்சட்டை போட்டு ரயிலேறினார். மசூர் நிலையத்தில் அழைத்துப் போக யாரும் வரவில்லை, எழுதிய கடிதம் அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளைகள் எந்தச் சாதி என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்துவர, வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார்கள். கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாததால் சாப்பிட முடியவில்லை.

இன்னொன்று 1934இல். அப்போது அவர் பெரிய பட்டங்கள் பெற்றுவிட்டார், வட்டமேசை மாநாடுகளுக்கும் போய்வந்துவிட்டார். இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரோடு எல்லோரா குகைகளையும் தௌலதாபாத் கோட்டையையும் பார்க்கச் சுற்றுலா போனார். கோட்டை வாசலுக்கு முன்னால் ஒரு குளம். தூசி படிந்த முகத்தையும் கால்களையும் சிலர் அதில் கழுவினார்கள். உடனே ஒருவர் ஓடிவந்து குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கத்த, கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலரைக் கூட அனுப்பிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள்.

"ஊர் சுத்திப் பாக்கப் போனதுக்கா?" என்று கேட்டான் அந்த எட்டாம் வகுப்புப் பையன். ஆமாம், ஊர் சுற்றிப் பார்க்கப் போனதற்குத்தான்.

'நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை' என்பது நம் பழமொழி. தமிழ் படித்த காலத்தில் இதை மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். மேலவளவு போனபோது அதை நினைக்க முடியவில்லை. 1996இல் தனித்தொகுதியான அந்த ஊராட்சிக்குத் தலைவராக வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பினார். வழியில் பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு மனு கொடுக்கப் போய்வந்த பயணம் அது. நினைவிடத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பெயர்களைப் படித்தார்கள். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. திரும்பும்போது நேரமாகிவிட்டதால் தும்பைப்பட்டிக் கக்கன் மணிமண்டபத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டோம். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். 2021 ஜூலையில் கோயில்கள் திறந்ததைப் பற்றி எழுதிய யாரும் அந்தத் தேதியைச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பி, அந்தக் கல்தூண் விஷயத்துக்கு வருவோம். பயணத்துக்கு மறுநாளே மாணவர்கள் ஒரு வேலை செய்தார்கள். அரசின் இ-சேவை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்குரிய அ-பதிவேட்டு விவரத்தைக் கைப்பேசியிலேயே எடுத்துப் பார்த்தார்கள். 'பாதை, அரசுப் புறம்போக்கு' என்று இருக்கிறது. யாருடைய பட்டாவும் இல்லை. இதை எல்லாக் கிராமத்து மாணவர்களும் செய்யலாம். ஊரில் பேச்சு வரும்போது ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், காகிதம் கையில் இருந்தால் கதை சுருங்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தங்களின்படி, பொதுப்பாதையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம், பொது இடத்தில் சைக்கிளோ பைக்கோ ஓட்டவும் செருப்பு அணியவும் புத்தாடை உடுத்தவும் தடுப்பதும் குற்றம். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று விதி சொல்கிறது.

இதையெல்லாம் பேச வேண்டிய முதல் இடம் கிராம சபை. 2020 அக்டோபர் 2ஆம் தேதி கொரோனாவைச் சொல்லிக் கிராம சபையை நிறுத்தினார்கள், 2021 ஜனவரி 26இலும் நடக்கவில்லை. நடுவில் தேர்தல் பொதுக்கூட்டங்கள் நடந்தன, வாக்கு எண்ணினார்கள். 2021 ஜூலையில் டீக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் கோயில்களும் திறந்திருந்தன. திறந்த வெளியில், முகக்கவசத்தோடு, தள்ளித் தள்ளி உட்கார்ந்து கிராம சபையை நடத்த என்ன தடை இருந்தது? அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 வந்துகொண்டிருந்தது. அதற்கான தளர்வை அரசு அப்போதே அறிவித்திருக்க வேண்டும்.

மனுவை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறோம். அ-பதிவேட்டு நகலும், கல்தூண்களின் படமும், நாற்காலியில் தூக்கிப்போன அம்மாவின் மகன் எழுதிக்கொடுத்த கடிதமும் அதில் இருக்கின்றன. பதினான்கு பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நின்றார்கள். பெரியவர்கள் கையெழுத்துதான் செல்லும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அதனால் அவர்கள் தனியாக ஒரு தாளில் எழுதி இணைத்திருக்கிறார்கள். அதில் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: அடுத்த தடவை சைக்கிளில் போக வேண்டும். பதில் வந்ததும் இந்தப் பத்தியில் எழுதுகிறோம்.